பயன்படுத்துவோர் கண்ணால் பார்க்கப் பழகுவோம்



பள்ளியிறுதித் தேர்வு எழுதி முடித்த பெண்கள் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகளில் சேர்ந்து, லோயர், ஹையர் என இரு தேர்வுகளையும் எழுதி, அலுவலக வேலைக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது. உங்கள் பாட்டிமாரைக் கேட்டால் சொல்வார்கள். இன்று அந்த இடத்தைக் கணினித் தொழில்கள் பிடித்துக்கொண்டன. அவற்றுள் ஒன்று இணையதளங்களை வடிவமைக்கும் தொழில். அதனுடன் உடன்பிறந்தது போன்ற மற்றொன்று, அமைத்த தளம் மக்களுக்கு எளிதில் பயன்படுகிறதா என்று ஆராய்ந்து சொல்லும் தொழில். முன்னதைச் செய்பவரை இணையதள வடிவமைப்பாளர் என்றும், பின்னதைச் செய்பவரைப் பயன்பாட்டு ஆய்வாளர் என்றும் அழைப்போம். 'யூசபிலிட்டி' என்று வழங்கும் சொல்லுக்குப் பயன்பாட்டு எளிமை என்பது பொருள்.

இத்தொழில்களுக்குக் கணினியும் சில மென்பொருள்களும் தெரிந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். மென்பொருள்களோ அடிக்கடி மாறுபவை. இணையதளம் அமைப்போர் பலரும் ஒரு காலத்தில் ஆர்வத்துடன் கற்ற 'ஃபிளாஷ்' என்னும் மென்பொருளை, அதனை வெளியிட்டு வந்த அடோபி நிறுவனமே 2020 டிசம்பர் இறுதியில் கைவிட்டது. அதை மட்டுமே நம்பியிருந்தவர்கள் புதிதாகக் கற்க வேண்டியதாயிற்று. ஆனால் என்றும் மாறாத திறமை ஒன்று உண்டு. ஒருவர் ஒரு பொருளைப் பயன்படுத்தும்போது, அருகில் அமர்ந்து, குறுக்கிடாமல், பொறுமையுடன் கவனிப்பதே அது. இதை இப்பள்ளி நாட்களிலேயே பழகலாம். அதற்குக் கணினிகூடத் தேவையில்லை.

எளிமை ஏன் வேண்டும்?

ஒரு தாய் தன் மகளுக்கு உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் இணையத்தில்தான் உள்ளது. முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். கடைசிப் பெயரை எழுதாவிட்டால் பக்கம் மேலே நகராது. நம் வீட்டுப் பெண்களுக்கு ஏது கடைசிப் பெயர்? தந்தையின் பெயரில் முதல் எழுத்தை இனிஷியலாகப் போடுவதே நம் வழக்கம். தாய் ஒரு நாள் தந்தை பெயரை எழுதுகிறாள், மற்றொரு நாள் இனிஷியலை மட்டும் எழுதுகிறாள். மகளின் பெயர் சான்றிதழுக்குச் சான்றிதழ் வேறுபடுகிறது. அடுத்து முகவரி. சென்னையில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு கதவிலக்கங்கள் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாய்கோடு போட்டால், 'தவறான எழுத்து' என்று சிவப்பு நிறத்தில் ஒரு வரி தோன்றுகிறது. இதற்குள் கைபேசிக்கு வந்த இரகசிய எண்ணின் நேரம் கடந்துவிடுகிறது.

அந்தத் தாய் என்ன செய்வாள்? தெருமுனையிலுள்ள பிரவுசிங் சென்டருக்குச் சென்று, பணம் கொடுத்து, முன்பின் அறியாத ஒருவரிடம் மகளின் சான்றிதழ்களையும் கைபேசி எண்ணையும் இரகசிய எண்ணையும் ஒப்படைப்பாள். அல்லது, 'எனக்கு இதெல்லாம் தெரியாது' என்று விட்டுவிடுவாள். கடைசித் தேதி போய்விடும்.

இங்கே தவறு யாருடையது? தாயினுடையது அன்று. நம் ஊர்ப் பெயரையும் முகவரியையும் அறியாமல் அமைக்கப்பட்ட படிவத்தினுடையது. பயன்படுத்துபவர் தடுமாறினால் குறை பொருளில் இருக்கிறது என்று கொள்வதே இத்துறையின் முதற்பாடம். அமெரிக்க அறிஞர் டொனால்ட் நார்மன் 1988-இல் வெளியிட்ட தம் நூலில், கதவு, அடுப்பு, விளக்கு ஸ்விட்ச் போன்ற அன்றாடப் பொருள்களைக் கொண்டே இக்கருத்தை விளக்கினார். உங்கள் வகுப்பறை ஸ்விட்ச் போர்டைப் பாருங்கள். ஒரே மாதிரி எட்டு ஸ்விட்சுகள். எது விளக்கு, எது மின்விசிறி? ஆசிரியை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது அவர் அறியாமையாலா, அந்தப் பலகை அமைந்த விதத்தாலா?

நம்மவர் செய்து காட்டியவை

திருவல்லிக்கேணியில் பிறந்து, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த எழுத்தாளர் சுஜாதாவை நீங்கள் அறிவீர்கள். எஸ். ரங்கராஜன் என்ற இயற்பெயர் கொண்ட அவர் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தபோது, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கியப் பங்கு கொண்டார். இவ்வகை இயந்திரம் முதன்முதலில் 1982-இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில், சில வாக்குச்சாவடிகளில் பயன்படுத்தப்பட்டது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் பயனுக்கு வந்தது.

அதன் முகப்பை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு வரி. அவ்வரியில் பெயர், சின்னம், ஒரு நீலப் பொத்தான். அழுத்தியதும் அருகில் சிவப்பு விளக்கு எரியும். நீண்ட ஒலி கேட்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர் சின்னத்தைக் கண்டு அழுத்தலாம். கண் தெரியாதவர் விரலால் தடவி அறிய பிரெய்ல் எண்களும் பின்னர் சேர்க்கப்பட்டன. 'நான் செய்தது பதிவாயிற்றா?' என்ற ஐயத்துக்கு விளக்கும் ஒலியும் விடை சொல்கின்றன. நல்ல இணையப் பக்கத்துக்கு வேண்டிய இலக்கணமும் இதுவே: எதைச் செய்வது என்பது கண்டவுடன் விளங்க வேண்டும், செய்து முடித்ததும் முடிந்தது என்று தெரிய வேண்டும்.

இரண்டாவது உதாரணம், தமிழ் விசைப்பலகை. தொடக்க காலத்தில் தமிழ் இணையதளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எழுத்துருவைப் பயன்படுத்தின. அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லாவிட்டால் பக்கம் முழுவதும் பொருளற்ற குறிகளாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டின் பயனாகத் 'தமிழ் 99' என்னும் விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. இதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு விசைகளே போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். தமிழில் எந்த எழுத்து எதனுடன் சேர்ந்து வரும் என்பதைக் கவனித்து அமைத்ததால் வந்த எளிமை இது. பின்னர், 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணை வெளியிட்டது.

மூன்றாவது, உங்களில் பலர் குழந்தைகளாக இருந்தபோது நடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றின் கரையிலுள்ள கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் நீரில் மூழ்கின. அப்போது வரைபட வடிவமைப்பாளர் அருண் கணேஷும் அவருடன் பணிபுரிந்தோரும் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' என்னும் பொது வரைபடத்தைக் கொண்டு, எந்தெந்தத் தெருக்களில் வெள்ளம் நிற்கிறது என்று காட்டும் இணையப் பக்கத்தை அமைத்தனர். தம் தெருவில் தண்ணீர் நின்றால், வரைபடத்தில் அத்தெருவைத் தொட்டுக் குறிக்கலாம். நீண்ட படிவம் எதையும் நிரப்ப வேண்டியதில்லை. பதற்றத்தில் இருப்பவரால், கைபேசியில் சார்ஜ் தீரும் நேரத்தில், எவ்வளவு செய்ய இயலும் என்பதை உணர்ந்தால்தான் இவ்வாறு அமைக்க முடியும். எளிமை என்பது அழகுக்காக மட்டும் அன்று; ஆபத்தில் அது உயிருக்கும் உதவும்.

பழக வேண்டிய திறமைகள்

1. கவனித்தல். தளத்தைப் பயன்படுத்தப் போகிறவர்களில் ஒருவரை அழையுங்கள். 'இத்தளத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வு அட்டவணையைக் கண்டுபிடியுங்கள்' என்பது போல ஒரு வேலை கொடுங்கள். மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு நீங்கள் பேசக்கூடாது. 'இங்கே தொடுங்கள் அம்மா' என்று சொல்லத் துடிக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் உதவிய அக்கணமே சோதனை முடிந்துவிடும். 'பிடித்திருக்கிறதா?' என்ற கேள்வியாலும் பயன் குறைவு. மரியாதைக்காக 'நன்றாக இருக்கிறது' என்பார்கள். அவர்கள் எங்கே நின்றார்கள், எங்கே பின்வாங்கினார்கள் என்பதே உண்மையைச் சொல்லும். இத்துறையில் புகழ்பெற்ற யாக்கோப் நீல்சன் என்பவர், ஒரு முறைக்கு ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று எடுத்துக்காட்டினார். குறைகளைத் திருத்திவிட்டு வேறு ஐந்து பேரிடம் மீண்டும் சோதிப்பதே சிறந்த வழி.

2. வரிசைப்படுத்துதல். தி.நகர் ஜவுளிக் கடை ஒன்றில் நுழையுங்கள். லிஃப்ட் அருகே, எந்த மாடியில் பட்டு, எந்த மாடியில் குழந்தைகள் உடை என்று எழுதிய பலகை இருக்கும். வாங்க வருபவர் தேடும் சொற்களே அதில் உள்ளன; கடையின் கணக்குப் பிரிவு எங்கே, கிடங்கு எங்கே என்பதை அது சொல்வதில்லை. ஆனால் பல நிறுவனங்களின் இணையதளங்கள் தம் அலுவலகப் பிரிவுகளின் பெயர்களையே தலைப்புகளாகக் கொண்டுள்ளன. வருபவர் எதைத் தேடி வருகிறார் என்று கேட்டறிந்து, ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதி, அச்சீட்டுகளை அவரையே இனம் பிரிக்கச் சொல்லுங்கள். தளத்தின் தலைப்புகள் தாமே உருவாகும்.

3. தாளில் வரைந்து பார்த்தல். ஜனவரியில் மயிலாப்பூர் விழாவின்போது வடக்கு மாட வீதியில் கோலம் போடுவோரைப் பார்த்திருப்பீர்கள். முதலில் புள்ளி, பிறகு கோடு, கடைசியில்தான் வண்ணம். இணையப் பக்கத்துக்கும் அதே முறைதான். முதலில் பென்சிலால் தாளில் கட்டங்கள் வரைந்து, எது எங்கே வரும் என்று முடிவு செய்ய வேண்டும். தாளில் இருக்கும்போது தவறைத் திருத்த ஒரு ரப்பர் போதும். தளம் முடிந்தபின் திருத்தப் பல நாள் உழைப்பு வேண்டும்.

4. தெளிவான தமிழ் எழுதுதல். இணையப் பக்கத்தில் பெரும்பகுதி சொற்களே. தமிழ்ச் சொற்கள் பல ஆங்கிலச் சொற்களைவிட நீளமானவை. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்று எழுதினால் பாதி வெளியே நிற்கும். 'அனுப்பு' என்றால் இடமும் மிஞ்சும், பொருளும் விளங்கும். 'உள்ளீடு செல்லத்தக்கதன்று' என்று எழுதுவதைவிட, 'பின்கோடில் 6 இலக்கங்கள் வேண்டும்' என்று எழுதுவது மேல். பிழை நேர்ந்தால் என்ன நேர்ந்தது, இனி என்ன செய்வது என்ற இரண்டையும் கடிந்துகொள்ளாமல் சொல்ல வேண்டும். தமிழாசிரியை கற்பிக்கும் சுருக்கி வரைதல் பயிற்சி இங்கே உங்களுக்குச் சோறு போடும்.

5. எல்லோரையும் நினைத்தல். கண் பார்வையற்றோர் கணினியில் உள்ளதைப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளைப் பயன்படுத்துகின்றனர். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. படத்துக்கு உரிய விளக்கத்தை வடிவமைப்பாளர் எழுதாவிட்டால், அவர்களுக்கு அப்படம் இல்லாததற்குச் சமம். வெள்ளைத் தாளில் இளஞ்சாம்பல் எழுத்து அழகாகத் தோன்றலாம், தாத்தாவுக்குத் தெரியாது. டபிள்யூ.3.சி. என்னும் உலக அமைப்பு 1999 முதல் இதற்கான நெறிமுறைகளை வெளியிட்டு வருகிறது. சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிவேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவிலாவது இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 2016-இல் இயற்றப்பட்டபோதே, தகவல்கள் அவர்களுக்கு எட்டும் வடிவில் இருக்க வேண்டும் என்று வகுத்தது. எனவே இது கருணைக்குரிய விஷயம் மட்டுமன்று, உரிமைக்குரிய விஷயமும் ஆகும்.

6. அடிப்படைக் கணினி மொழிகள். இங்கிலாந்தைச் சேர்ந்த டிம் பெர்னர்ஸ்-லீ, ஸ்விட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் 1989-இல் வலையமைப்புக்கான திட்டத்தை முன்வைத்தார். அவர் வகுத்த ஹெச்.டி.எம்.எல். என்னும் மொழி இன்றும் ஒவ்வொரு பக்கத்துக்கும் எலும்புக்கூடாக உள்ளது. தோற்றத்தை அமைப்பது சி.எஸ்.எஸ். இவ்விரண்டையும் ஒரு கோடை விடுமுறையில் தொடங்கிவிடலாம். பக்கத்தை நொடியில் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இப்போது வந்துள்ளனவே, பிறகு ஏன் கற்க வேண்டும் என்று கேட்கலாம். கருவி தந்தது சரியா என்று சொல்ல, சரி எது என்று தெரிந்த ஒருவர் வேண்டுமன்றோ? அடுத்த வீட்டு அம்மா எந்த இடத்தில் தயங்கினார் என்பதை நேரில் கண்டவர் நீங்கள்தான்.

7. பேச்சும் கணக்கும். திறமை இருந்தும் சிலர் முன்னேறாததற்குக் காரணம் இவ்விரண்டிலும் உள்ள கூச்சம். 'எனக்கு இந்த நிறம் பிடிக்கும்' என்று வாதாடாமல், 'ஐவரில் நால்வர் இப்பொத்தானைக் காணவில்லை' என்று சான்றுடன் சொல்லப் பழகுங்கள். வேலை ஏற்கும்போது என்ன செய்வீர்கள், எத்தனை முறை திருத்தித் தருவீர்கள், எப்போது முடிப்பீர்கள், எவ்வளவு ஊதியம், முன்பணம் எவ்வளவு என்பவற்றை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர், உறவினர் என்பதற்காக இதை விட்டுவிட வேண்டாம். செய்த வேலைகளை ஒரு தொகுப்பாகச் சேர்த்து வையுங்கள். அதில் முடிந்த பக்கத்தின் படம் மட்டும் போதாது. முதலில் என்ன குறை இருந்தது, யாரிடம் சோதித்தீர்கள், எதை ஏன் மாற்றினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

8. நேர்மை. மக்கள் மனத்தை அறிந்த திறமை அவர்களை ஏமாற்றவும் உதவும். கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, 'இன்னும் இரண்டே உள்ளன' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, சேர்வதற்கு ஒரு பொத்தானும் விலகுவதற்குப் பத்துப் பக்கமும் வைப்பது ஆகியவை இதில் சேரும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் இத்தகைய 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்துள்ளது. மேலதிகாரி கேட்டாலும் 'இது முறையன்று' என்று பணிவுடன் சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். திரைக்கு அப்பால் இருப்பவர் உங்கள் தாயாகவும் இருக்கலாம்.

எங்கே படிக்கலாம்?

வடிவமைப்புக் கல்விக்கு 1961-இல் தொடங்கப்பட்ட அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் புகழ்பெற்றது. பம்பாய் ஐ.ஐ.டி. நடத்தும் 'யூசீட்' நுழைவுத் தேர்வை எழுதி வடிவமைப்பில் பட்டப்படிப்புச் சேரலாம். நம் ஊரிலேயே தரமணியில் 'நிஃப்ட்' நிறுவனமும், பெண்களுக்கான டாக்டர் தர்மாம்பாள் அரசு பாலிடெக்னிக்கும் உள்ளன. கதீட்ரல் சாலை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் நுண்கலைத் துறை இருக்கிறது. 1850-இல் தோன்றிய அரசு கவின்கலைக் கல்லூரியும் சென்னையிலேயே உண்டு. உளவியல், தமிழ் இலக்கியம், சமூகவியல் படித்தவர்களும் பயன்பாட்டு ஆய்வுக்கு வரலாம்; மனிதரைக் கவனிக்கக் கற்றவர்களுக்கு இத்துறையில் இடம் உண்டு. கோட்டூர்புரத்திலுள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு சனிக்கிழமை பெற்றோருடன் சென்று வாருங்கள். கணினி நூல்களுடன் உளவியல் நூல்களையும் புரட்டிப் பாருங்கள்.

விடுமுறைப் பயிற்சி

அஞ்சலகத்திலோ வங்கியிலோ தரப்படும் ஒரு தாள் படிவத்தில் ஐந்து படிகள் வாங்குங்கள். வீட்டிலும் தெருவிலும் ஐவரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவராகவும், ஒருவர் ஆங்கிலம் அறியாதவராகவும் இருக்கட்டும். கற்பனைப் பெயரும் முகவரியும் கொடுத்து நிரப்பச் சொல்லுங்கள். ஒருவருடைய உண்மை விவரம் எதுவும் உங்கள் நோட்டில் ஏறக்கூடாது. நோட்டில் மூன்று பத்திகள் கோடிட்டு, எங்கே நின்றார், என்ன சொன்னார், என்ன செய்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அப்படிவத்தை நீங்களே புதிதாக வரைந்து, வேறு ஐவரிடம் கொடுத்துப் பாருங்கள். நிற்கும் இடங்கள் குறைந்தால் உங்கள் வடிவமைப்பு வென்றது. குறையாவிட்டால் மீண்டும் வரையுங்கள். இந்த நோட்டே உங்கள் தொகுப்பின் முதற்பக்கம் ஆகட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகள் அருகில் அமர்ந்து நீங்கள் படிவம் நிரப்புவதைப் பார்த்தால் வெட்கப்படாதீர்கள். உங்களுக்குப் புரியாத இடத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லைக் கேட்டுத் திருத்தும் பெண்கள் பெருகினால், நாளை எந்தத் தாயும் 'எனக்கு இதெல்லாம் தெரியாது' என்று தன்னையே நொந்துகொண்டு திரும்பிப் போக மாட்டாள்.